பெர்லின் நாய்களோடு பழகிய கதை

பெர்லினுக்குக் குடிவந்தபோது, குளிருக்கும் ஜெர்மன் மொழிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மூடிக்கிடக்கும் கடைகளுக்கும் மனத்தைத் தயார்செய்துகொள்ளுமாறு சொன்ன நண்பர்கள் யாரும் நாய்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் இங்கே நிலத்தடி ரயிலில் எதிர் இருக்கைக்காரரின் காலடியிலும், உணவகத்து மேசைக்கு அடியிலும் நாய் படுத்திருக்கிறது. அது பெரும்பாலும் குரைப்பதில்லை. அருகில் அமர்ந்தால் தலையை உயர்த்தி ஒருமுறை முகர்ந்துவிட்டு மீண்டும் படுத்துக்கொள்கிறது.

திருநெல்வேலியில் வளர்ந்த எனக்கு நாய் என்றால் இரவில் சைக்கிளைத் துரத்தும் தெருநாய்தான். கடிபட்டவர்களுக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்ற பேச்சே எங்கள் தலைமுறைக்குப் போதிய எச்சரிக்கையாக இருந்தது. அந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அறிகுறி தோன்றிய பிறகு ஏறக்குறைய யாரையும் காப்பாற்ற முடியாத நோய் வெறிநாய்க்கடி நோய். இந்தியாவில் அது இன்றும் உயிர்களைக் குடிக்கிறது.

ஜெர்மனியிலும் அந்த நோய் இருந்தது. நரிகள் வழியாகப் பரவியது. தடுப்பு மருந்து வைத்த இரைகளைக் காடுகளில் போட்டு நரிகளையே உண்ணச் செய்யும் முயற்சியை 1983-இல் தொடங்கி, பின்னர் விமானத்திலிருந்தும் தூவி, விடாமல் தொடர்ந்தார்கள். 2008-இல், வௌவால்களிடம் காணப்படும் வகையைத் தவிர்த்து, நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. இதை அறிந்த பிறகுதான் நாய் அருகில் வரும்போது என் உடல் விறைப்பது குறைந்தது.

நாய்களின் சாந்தத்துக்கு வளர்ப்பவர்கள் ஏற்கும் பொறுப்பும் காரணம் என்று நினைக்கிறேன். பெர்லினில் ஒரு நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ வரி கட்ட வேண்டும். அடுத்தடுத்த நாய் ஒவ்வொன்றுக்கும் 180 யூரோ. தோலுக்கடியில் அடையாளச் சில்லு (மைக்ரோசிப்) பொருத்த வேண்டும். நாய் பிறருக்கு விளைவிக்கும் சேதத்துக்குக் காப்பீடும் எடுத்திருக்க வேண்டும். வளர்க்க முடியாதவர்கள் கைவிடும் நாய்களுக்கு நகரின் வடகிழக்கே ஃபால்கன்பெர்க்கில் பெரியதொரு காப்பகம் இருக்கிறது. பசியையும் கல்லெறியையும் அறியாத விலங்குக்கு மனிதரைக் கண்டு பல்லைக் காட்டவேண்டிய தேவை குறைவுதானே. எங்கள் தெருநாய்கள் அப்படி நடந்துகொண்டதற்கு அவை மட்டும் பொறுப்பல்ல என்பது இங்கு வந்தபின் எனக்கு விளங்கிற்று.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வசிக்கும் மூதாட்டியிடம் பாலு என்றொரு பழுப்பு நிற நாய் உண்டு. மாதக்கணக்கில் மாடிப்படியில் வணக்கம் சொல்வதோடு நின்றுவிட்ட எங்கள் உறவை மாற்றியது அதுதான். ஒருநாள் அது என் காலணிகளை விரிவாக முகர்ந்து பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அவர் சிரித்தார், நானும் என் அரைகுறை ஜெர்மனில் அதன் வயதைக் கேட்டேன். வகுப்பில் படித்த இலக்கணத்தைவிட அந்த மாடிப்படி உரையாடல்களே என் நாவைத் திருத்தின. பின்னர் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபோது பாலுவை மாலையில் நடத்திச்செல்லும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். அந்த நம்பிக்கை எனக்குப் பெரிய கௌரவமாக இருந்தது. வார இறுதிகளில் நாய்களை அவிழ்த்துவிட அனுமதியுள்ள குரூனவால்ட் காட்டுக்கு அழைத்துப் போவேன். அங்கே ஏரிக்கரையில் நனைந்த நாய்கள் ஓடிவந்து உடலைச் சிலிர்க்க, உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டபடியே பேச்சைத் தொடங்குவார்கள். நாயில்லாமல் அதே பாதையில் நடந்தபோது என்னிடம் யாரும் பேசியதில்லை.

இந்தக் கோடையில் அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். எந்த நாயையும் தொடுமுன் உரிமையாளரிடம் கேட்க வேண்டும், தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல் அதை முதலில் முகரவிட வேண்டும், பார்வையற்றவரை வழிநடத்தும் நாயை அதன் பணியின்போது அழைக்கவே கூடாது என்றெல்லாம் தொலைபேசியில் சொல்லிவைத்திருக்கிறேன். அம்மா கேட்ட ஒரே கேள்வி, பாலுவுக்கு ஊசி போட்டிருக்கிறதா என்பதுதான். மூதாட்டியின் அனுமதியோடு அதன் நீலநிறப் பயணச் சான்றேட்டில் தடுப்பூசித் தேதி உள்ள பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். மறுநாளே, அதற்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கேட்டுச் செய்தி வந்தது.