யாரைப் பார்த்துப் பேசுகிறீர்கள்?

ஓராள் நாடகத்துக்கு ஒளியமைக்க என்னை அழைக்கும் இளைஞர்களிடம் நான் முதலில் கதையைக் கேட்பதில்லை. மேடையில் நின்று யாரைப் பார்த்துப் பேசப்போகிறீர்கள் என்றுதான் கேட்பேன். பார்வையாளர்களைத்தான் என்பார்கள். அந்தப் பார்வையாளர் யார்? நீதிபதியா, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரா, இறந்துபோன தாயா? அது தெரியாமல் விளக்கை எந்தக் கோணத்தில் கட்டுவது என்று எனக்குப் பிடிபடாது. பலர் நடிக்கும் நாடகத்தில் எதிரே நிற்கும் நடிகரே இதற்குப் பதிலாகிவிடுவார். தனியாக நிற்பவருக்கு அந்த எதிராளியையும் உண்டாக்கித் தர வேண்டியிருக்கிறது.

இளம் கலைஞர்கள் பலர் இந்த வடிவத்துக்கு வரப் பணமும் ஒரு காரணம். குழுவைக் கூட்டுவது கடினம். ஒத்திகைக்கு இடம் கிடைப்பது அதைவிடக் கடினம். ஒரு பையில் அடங்கும் நாடகத்தை வகுப்பறையிலும் போடலாம், நூலகத்திலும் போடலாம். இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தானே எழுதி, தானே ஒத்திகை பார்த்து, செல்பேசியில் பதிவுசெய்து தானே திருத்திக்கொள்ளும்போது, 'இது வேண்டாம்' என்று சொல்ல அருகில் ஆளில்லாமல் போகிறது. சமூகத்தைப் பற்றிய நாடகம் அப்படித்தான் நடிகரின் சொற்பொழிவாகச் சுருங்குகிறது.

டெலிவரி ஊழியர்களைப் பற்றி ஓர் இளம்பெண் நாடகம் செய்தார். முதல் ஒத்திகையில் செயலிகளின் சுரண்டலைப் பற்றி எங்களை நோக்கி நேராகப் பேசினார். சொன்னது அத்தனையும் நியாயம். ஆனால் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவருடைய கைகள் அலைந்துகொண்டே இருந்தன. வழக்கமான கேள்வியைக் கேட்டேன். பதில் சொல்லாமல் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது, ஊழியர்கள் சிலரின் ஒப்புதலோடு பதிவுசெய்த பேச்சைக் கொண்டுவந்திருந்தார். அவர்களில் ஒருவர், படியேறும்போதே வாசலில் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பாராம்: "மழையால் தாமதமாகிவிட்டது, நட்சத்திரத்தைக் குறைத்துவிடாதீர்கள்." நாடகம் அந்த ஒரு வாக்கியத்தில் வந்து நின்றது. ஒவ்வொரு கதவாக அவர் அதைச் சொல்கிறார். போகப்போக வாக்கியம் தேய்கிறது. மழை போகிறது, தாமதம் போகிறது, கடைசியில் ஒரு சிரிப்பு மட்டும் மிஞ்சுகிறது. கைகள் அலையவில்லை, ஒன்றில் பொட்டலம், மற்றதில் செல்பேசி.

கதவுக்காக, ஒரு ஸ்பாட்லைட்டின் தகடுகளை நெருக்கித் தரையில் ஒரு வெளிச்சக் கீற்றை விழவைத்தேன். கீற்று அகன்றால் கதவு திறக்கிறது. முகத்துக்குச் செல்பேசித் திரையின் ஒளி போதும் என்றார் அவர். கீழிருந்து வரும் ஒளி முகத்தைக் கோரமாக்கும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். ஆகவே தயங்கினேன், பிறகு, எந்நேரமும் அந்த ஊழியர்களின் முகத்தில் விழும் ஒளி அதுதானே என்று ஒப்புக்கொண்டேன். ஓர் ஒத்திகையில் திரை தானாக அணைந்துவிட்டது. கட்டைவிரலால் தட்டி எழுப்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அந்தத் தட்டல் அப்படியே நாடகத்தில் தங்கிவிட்டது. சொற்பொழிவு முழுவதையும் அவரே வெட்டியெறிந்தார்.

இந்த வழி புதிதல்ல. நியூயார்க்கின் கிரவுன் ஹைட்ஸ் பகுதியில் 1991-இல் கறுப்பின மக்களுக்கும் யூதர்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. அமெரிக்க நாடகக் கலைஞர் அன்னா டேவியர் ஸ்மித் இரு தரப்பினரையும் சந்தித்துப் பேசி, அவர்களின் திக்கலையும் இடைநிறுத்தத்தையும்கூட மாற்றாமல், இருபதுக்கும் மேற்பட்டவர்களைத் தானே நடித்துக் காட்டினார். யாருடைய கட்சியையும் அவர் பேசவில்லை; ஒவ்வொருவரும் பேச இடம்விட்டார். டில்லியில் 2012 டிசம்பரில் நடந்த கூட்டு வன்கொடுமைக்குப் பிறகு நாடகக் கலைஞர் மாயா கிருஷ்ணராவ் உருவாக்கிய 'வாக்' (Walk, நடை) வேறு வகை. இரவில் ஒரு பெண் நடக்க வேண்டும் என்ற ஆசைதான் அதன் மையம். நேரடியாகப் பேசுகிற படைப்புதான். ஆனாலும் கதகளி பயின்ற உடல் பேசுவதால் அது உபதேசமாக ஒலிப்பதில்லை. நேரடியாகப் பேசவே கூடாது என்று இளைஞர்களைத் தடுப்பவர்களோடு நான் உடன்படாததற்கு இந்தப் படைப்பும் ஒரு காரணம்.

தொழில்நுட்பம் குறைவு என்று வருந்துகிறவர்களுக்கு நான் சொல்லும் உதாரணங்கள் இரண்டு. 1972-இல் முதன்முதலாக மேடையேறிய, நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டின் 'நாட் ஐ' (Not I) நாடகத்தில், இருட்டில் பேசும் ஒரு வாய்மீது மட்டும்தான் ஒளி குவிகிறது. கேரளத்தின் பழைய சமஸ்கிருத நாடக வடிவமான கூடியாட்டத்தில் மேடையின் முன்னே ஒரு குத்துவிளக்கு. அதன் எதிரே ஒரே நடிகர், உடை மாற்றாமல், பாத்திரத்திலிருந்து பாத்திரத்துக்குத் தாவுகிறார். அந்தத் தாவலுக்கே பகர்ந்நாட்டம் என்று தனிப் பெயர் உண்டு. இரண்டு இடத்திலும் விளக்கு மிகக் குறைவு. எங்கே பார்க்க வேண்டும் என்பதில் ஐயம் துளியும் இல்லை.

இப்போது ஓர் இளைஞரோடு வேலை செய்துகொண்டிருக்கிறேன். நினைவு மங்கிவரும் தந்தையை வீட்டில் தனியாகப் பார்த்துக்கொள்ளும் மகனின் நாடகம். தந்தையாக மாறும்போது பார்வையாளர் ஒருவரிடம் "நீ யார்?" என்று கேட்க வேண்டும் என்கிறார், அதற்காக அரங்கின் விளக்குகளை அணைக்கக் கூடாது என்கிறார். எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒருவர்மீது மட்டும் ஒளி பாய்ந்தால் அவர் குறுகிப்போவார்; நாடகம் அங்கேயே அறுந்துவிடும். ஆகவே முன்வரிசைகள் முழுவதற்கும் சேர்த்து ஒளியை மெல்ல ஏற்றலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. அடுத்த ஒத்திகையில் நண்பர்கள் சிலரை உட்காரவைத்து இரண்டு வகையிலும் செய்து பார்க்கப்போகிறோம்.