பாதிக் கூடும் ஒரு பெண் பார்க்கும் படலமும்

தூக்கணாங்குருவிக் கூட்டை எல்லோரும் ரசிக்கிறோம், ஆனால் பாதியில் நிற்கும் கூடுகளை யாரும் கவனிப்பதில்லை, எனக்கு அவைதான் ரொம்பப் பிடிக்கும். ஆண் குருவி தலைக்கவசம் கவிழ்த்த மாதிரி ஒரு அளவு வரை பின்னிவிட்டு நிறுத்திக்கொள்ளும். பெண் வந்து உள்ளே புகுந்து பார்க்கும், பிடித்தால்தான் ஜோடி, அப்புறம்தான் முட்டை அறையும் கீழ்நோக்கிய நீளக் குழாயும் வரும். பிடிக்காத கூடு அப்படியே காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

பின்னுகிற நாரை எடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கணும். நெல் இலையின் ஓரத்தை அலகால் லேசாக வெட்டி, அந்த முனையைக் கவ்வியபடியே பறக்கும், சர்ரென்று நீள நார் உரிந்து வரும்.

ஜோடி சேர்ந்து பெண் அடைகாக்க உட்கார்ந்ததும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி இன்னொரு பெண்ணை அழைக்கப் போய்விடும். இதை 1930 வாக்கில் மகாராஷ்டிரத்தின் கிஹிம் கிராமத்தில் பொறுமையாக உட்கார்ந்து பார்த்து எழுதியவர் சாலிம் அலி.

பெண் ஏன் இத்தனை கறார்? கூடு தொங்கும் இடம் சரியில்லை என்றால் பாம்பும் காக்கையும் குஞ்சுகளை விட்டுவைக்காது. அதனால்தான் முள்மரம், பனை, கிணற்றுக்கோ குளத்துக்கோ மேலே நீட்டிய கிளை என்று தேடித் தேடிக் கட்டுகின்றன.

கிணற்றோரப் பனையையும் கருவேலத்தையும் வெட்டும்முன் தயவுசெய்து ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கூடு இருந்தால் மழைக்காலம் முடியும்வரையாவது விட்டுவையுங்கள்.