ஏப்ரல் மாத எண்களும் தாமதமாக வந்த பிட்சர்களும்

பேஸ்பால் பருவம் தொடங்கி இரண்டு வாரம் ஆனால் போதும், புள்ளிப் பட்டியலை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். மார்ச் இறுதியில் தொடங்கும் அமெரிக்காவின் மேஜர் லீக் பருவத்தில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடுகிறது; ஐபிஎல்லின் லீக் சுற்றோ 14 ஆட்டங்களில் முடிந்துவிடுகிறது. அதாவது சேப்பாக்கத்தில் சென்னை அணி ஆடும் ஓர் ஆட்டத்தின் மதிப்பு, அங்கே ஏறத்தாழ பன்னிரண்டு ஆட்டங்களுக்குச் சமம். இரண்டும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் தொடங்குவதால், தண்டையார்பேட்டையில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையின் அண்ணன், நான் ஆதரிக்கும் பேஸ்பால் அணியைச் சொல்லி, “இன்னா தம்பி, உங்க டீமு அஞ்சு மேட்ச் தோத்துட்டானுங்களாமே, காலியா?” என்று கேட்கிறார். ஐந்து தோல்வி என்பது அங்கே அரை ஐபிஎல் ஆட்டம்கூட ஆகாது என்று நான் சொன்னால், தோற்றவன் சொல்லும் சமாதானமாகவே அது அவருக்குப் படுகிறது.

ஆனால் நடந்த கதைகள் என் பக்கம் இருக்கின்றன. 2019இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி முதல் ஐம்பது ஆட்டங்களில் 31இல் தோற்றது. அந்த ஆண்டின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் கோப்பை அந்த அணிக்குத்தான் கிடைத்தது. 2023இல் டம்பா பே ரேஸ் தன் முதல் 13 ஆட்டங்களையும் வென்று, அக்டோபர் நாக்-அவுட் சுற்றில் டெக்சஸ் ரேஞ்சர்ஸிடம் இரண்டே ஆட்டங்களில் வெளியேறியது. 2024இல் நியூயார்க் மெட்ஸ் முதல் ஐந்து ஆட்டங்களைத் தோற்றுவிட்டு மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் இறுதிச் சுற்று வரை போனது. 1988இல் முதல் 21 ஆட்டங்களையும் தோற்ற பால்டிமோர் ஓரியோல்ஸ் கடைசி வரை மோசமாகவே ஆடியது என்பதையும் மறைக்கக் கூடாது; சில சமயம் கெட்ட தொடக்கம் உண்மையிலேயே கெட்ட அணியைத்தான் காட்டுகிறது.

அணிகளை விட, பந்து வீசும் பிட்சர்களுக்குத்தான் ஏப்ரல் அதிக அநியாயம் செய்கிறது. பிட்சரை அளக்க எல்லோரும் முதலில் பார்ப்பது இ.ஆர்.ஏ.; அவர் பொறுப்பில் விழுந்த ரன்களை ஒன்பதால் (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) பெருக்கி, வீசிய இன்னிங்ஸால் வகுத்தால் வருவது; குறைவாக இருந்தால் நல்லது. மூன்று ஆட்டங்களில் 15 இன்னிங்ஸ் வீசி 3 ரன் மட்டுமே கொடுத்தவரின் இ.ஆர்.ஏ. 1.80. அடுத்த ஆட்டத்தில் இரண்டே இன்னிங்ஸில் 7 ரன் வாங்கிக் கட்டிக்கொண்டால் அது 5.29 ஆகிவிடும். அதே மோசமான நாள், 170 இன்னிங்ஸ் வீசி 60 ரன் கொடுத்திருக்கும் ஒருவருக்குச் செப்டம்பரில் நேர்ந்தால், அவருடைய எண் 3.18இலிருந்து 3.51க்கு நகரும், அவ்வளவுதான். மனிதர் அதே மனிதர், வகுக்கும் எண்தான் வேறு.

இதோடு ஃப்ரீ ஏஜென்ட் சந்தையும் சேரும்போது விஷயம் சிக்கலாகிறது. மேஜர் லீக்கில் ஆறு ஆண்டு பணிக்காலம் முடித்த ஆட்டக்காரர், ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய அணியோடு பேரம் பேசலாம். ஐபிஎல் போல ஓரிரு நாளில் சுத்தியல் தட்டி முடிக்கும் ஏலம் அங்கே இல்லை. பேரம் நவம்பரில் தொடங்கி, இரு தரப்பும் பிடிவாதம் பிடித்தால் மார்ச்சையும் தாண்டும். 2019இல் டாலஸ் கைக்கெல், கிரேக் கிம்பிரல் என்ற இரு பிட்சர்களும் ஜூன் வரை வேலையில்லாமல் இருந்தார்கள். அவர்களை எடுக்கும் அணி, இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துப் பொறுக்கும் டிராஃப்ட்டில் தன் தேர்வு ஒன்றை இழக்க வேண்டும் என்ற விதி, ஜூனில் டிராஃப்ட் முடிந்த பிறகே காலாவதியானது ஒரு காரணம். பிறகு சிகாகோ கப்ஸ் கிம்பிரலை மூன்று ஆண்டுகளுக்கு 4.3 கோடி டாலர் கொடுத்து எடுத்தது. அந்தப் பருவத்தில் அவருடைய இ.ஆர்.ஏ. 6.53.

பிளேக் ஸ்னெல் கதை இன்னும் சுவையானது. என் அக்கா மகன் இருக்கும் ஊர் என்பதால் நான் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பக்கம். அவர்களுடைய இரவு ஆட்டம் நமக்குக் காலை ஏழேகாலுக்குத் தொடங்குவதால், வேலைக்குப் போகும் மெட்ரோவில் கைப்பேசியில் பார்த்துவிட முடிகிறது. 2023இல் நேஷனல் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய ஸ்னெல்லை ஜயன்ட்ஸ் 2024 மார்ச் மூன்றாம் வாரத்தில்தான் இரண்டு ஆண்டுகளுக்கு 6.2 கோடி டாலருக்கு எடுத்தது. பிப்ரவரி நடுவிலிருந்து ஆறு வாரம், ஓர் இன்னிங்ஸில் தொடங்கி ஐந்து, ஆறு என்று தோளை மெல்லப் பழக்குவதற்காகவே இருக்கும் பயிற்சி முகாமை அவர் தவறவிட்டிருந்தார். முதல் மூன்று ஆட்டங்களில் இ.ஆர்.ஏ. 11.57. பிறகு தொடையில் காயம். அதே மார்ச்சில் இங்கே, 24.75 கோடி ரூபாய்க்குக் கொல்கத்தா எடுத்த மிட்செல் ஸ்டார்க் முதல் இரண்டு ஆட்டங்களில் எட்டு ஓவருக்கு 100 ரன் கொடுத்து ஒரு விக்கெட்கூட எடுக்கவில்லை. தெருவெல்லாம் அதே சிரிப்பு. மே 26 அன்று சேப்பாக்கத்தில் இறுதி ஆட்டத்தின் நாயகன் ஸ்டார்க். ஸ்னெல் ஜூலையில் திரும்பி, கடைசி 14 ஆட்டங்களில் 1.23 என்ற இ.ஆர்.ஏ. வைத்தார், ஆகஸ்ட் 2 அன்று சின்சினாட்டியில், எதிரணியில் ஒருவர்கூடப் பந்தை அடித்துத் தளம் சேராமல், அதாவது ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல், ஒன்பது இன்னிங்ஸையும் தானே முடித்தார்.

பொறுத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஜோர்டன் மாண்ட்கோமரி என்ற பிட்சர் அதே ஆண்டு மார்ச் கடைசியில் 2.5 கோடி டாலருக்கு அரிசோனாவுக்குப் போனார். முதல் ஆட்டத்தை நன்றாகவே வீசினார், பருவத்தை 6.23 என்ற இ.ஆர்.ஏ.வோடு முடித்தார். அவரை எடுத்தது தன் தவறு என்று அணியின் உரிமையாளரே வெளிப்படையாகப் பேசினார். பேரம் இழுபட்டதில் உரிமையாளர்களுக்கும் முகவருக்கும் பங்கு இருக்கும்போது, பழி மட்டும் வீசுகிறவர் தலையில் விழுவது எனக்கு உறுத்துகிறது.

ஆகவே ஏப்ரலில் நான் ரன் கணக்கை விட்டுவிட்டு, பந்தின் வேகம் கடந்த ஆண்டை விடக் குறைந்திருக்கிறதா என்பதையும், எத்தனை பேரை வாக்கில் (நான்கு தவறான பந்து வீசி இலவசமாக முதல் தளத்துக்கு) அனுப்புகிறார், எத்தனை பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) செய்கிறார் என்பதையும் பார்க்கிறேன். அடிபட்ட பந்து ஃபீல்டர் கையில் விழுவதில் அதிர்ஷ்டத்துக்கு இடம் உண்டு. வாக் கொடுப்பதில் அது மிகக் குறைவு. ஐந்து ஆண்டுகளுக்கு 18.2 கோடி டாலருக்கு டாட்ஜர்ஸ் அணிக்குப் போன ஸ்னெல், 2025இன் முதல் இரண்டு ஆட்டங்களில் வைத்திருந்த இ.ஆர்.ஏ. 2.00. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் அந்த ஒன்பது இன்னிங்ஸில் அவர் கொடுத்த வாக்குகள் எட்டு, ஸ்ட்ரைக் அவுட்டுகள் நான்கு. அடுத்த சில நாட்களில் தோள் வலி என்று காயப் பட்டியலில் சேர்ந்தவர், ஆகஸ்டில்தான் மீண்டும் களத்துக்கு வந்தார்.