ராத்திரியில் மடை திறக்கக் கிளம்பும் அப்பா

அப்பாவுக்கு மறதி நோய். பகலெல்லாம் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பார். பொழுது சாய்ந்தால் போச்சு. "கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி உட்டுட்டாங்க, மடை தொறக்கோணும்" என்று மம்பட்டியைத் தேடுவார். வயலை விற்றுப் பல வருஷம் ஆகிறது. அதைச் சொன்னால் கோபம்தான் ஏறும். "நம்ம முறை விடியக்காலம்தானுங்கப்பா, இப்பப் பக்கத்து வயலுக்குப் பாயுது" என்பேன். பெரும்பாலும் அடங்கிவிடுவார். பொய்தான், இருக்கட்டும்.

இருட்டும்போது குழப்பம் கூடுவது இந்த நோயில் சகஜம். நிழல்கூட ஆளாகத் தெரியும். அதனால் இருட்டுவதற்கு முன்பே லைட்டெல்லாம் போட்டுவிடுவேன். பாத்ரூம் வழியில் ராத்திரி முழுக்கச் சின்ன பல்பு எரியும். காலை வெயிலில் கொஞ்சம் நடை. மதியத்துக்கு மேல் காபி கிடையாது (கோபிச்செட்டிபாளையத்துக்காரருக்கு இது பெரிய தண்டனை!).

ஒன்று மட்டும் கவனம். ஓரிரு நாளிலேயே குழப்பம் திடீரென்று அதிகமானால், நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது, புதிதாக ஆரம்பித்த மாத்திரை, எதுவும் காரணமாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கி நீங்களாகக் கொடுக்காதீர்கள். தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் அது தனிக்கதை.

அப்புறம், பார்த்துக்கொள்பவரும் தூங்க வேண்டும். நானும் தம்பியும் ராத்திரிக்கு முறை வைத்திருக்கிறோம். நடுச்சாமத்தில் மனசு தாங்காவிட்டால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.