பிளவுக்கோட்டின் பக்கத்தில் வீடு: ஃப்ரீமான்ட்டில் நாங்கள் விசாரித்த விதம்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் வீடு தேடுகிற நம்மவர்கள் முதலில் விசாரிப்பது பள்ளிக்கூடத்தைத்தான். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். மிஷன் புல்வார்டு பக்கம் ஒரு வீடு எல்லோருக்கும் பிடித்துப்போனது. ஆஃபர் கொடுக்கும் முன் வந்த டிஸ்க்ளோஷர் கட்டை (வீட்டைப் பற்றி விற்பவர் தரும் விவரத் தாள்களை) புரட்டியபோது இயற்கை இடர் அறிக்கையில் ஒரு வரி கண்ணை உறுத்தியது. 'நிலநடுக்கப் பிளவு மண்டலம்' என்பதற்கு நேரே 'ஆம்'. ஏஜென்ட்டிடம் கேட்டால், "இந்தப் பக்கம் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் வரும், கையெழுத்துப் போடுங்க" என்றார்.

அப்படிப் போட மனம் வரவில்லை. இந்தப் பக்கம் நிலநடுக்கம் கிளம்பும் பிளவுக்கோடான ஹேவர்டு பிளவு பெர்க்லி பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்குக்கு அடியில் ஓடி, ஃப்ரீமான்ட் ஊருக்குள் புகுந்து போகிறது. 1868 அக்டோபர் 21 அன்று அது அசைந்ததில் சுமார் 30 பேர் இறந்தார்கள். ஃப்ரீமான்ட்டிலேயே டைசன் குட்டை அருகே பள்ளம் வெட்டிப் பார்த்த ஆய்வாளர்கள், கடந்த 1,900 ஆண்டுகளில் 12 பெரிய நிலநடுக்கங்களின் தடத்தை மண்ணடுக்கில் கண்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 150, 160 ஆண்டுக்கு ஒன்று. 1868 முடிந்து எத்தனை ஆண்டு என்று நீங்களே கணக்குப் போடலாம்.

அந்த 'ஆம்' எங்கிருந்து வந்தது என்று தேடினேன். மண்டலத்தை வரைவது கலிஃபோர்னியா மாநில நிலவியல் ஆய்வுத் துறை. பலரும் இதை மத்திய அரசின் நிலவியல் ஆய்வு நிறுவனமான யு.எஸ்.ஜி.எஸ். என்று நினைக்கிறார்கள், இது வேறு. 1971 சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தில் தரை பிளந்து வீடுகள் கிழிந்த பிறகு, 1972-இல் அல்க்விஸ்ட்–பிரியோலோ சட்டம் வந்தது. செயல்படும் பிளவின் குறுக்கே மனிதர் குடியிருக்கும் கட்டடம் எழும்பக் கூடாது. பொதுவாக 50 அடி தள்ளிக் கட்ட வேண்டும். பிளவு எங்கே ஓடுகிறது என்று வரைபடம் போடும் பொறுப்பு இந்தத் துறைக்கு.

அவர்களுடைய 'ஈக்யூ ஸாப்' தளத்தில் முகவரியைத் தட்டினால் பிளவு, மண் நீராகிக் குழைதல், நிலச்சரிவு என மூன்று மண்டலங்களில் எதில் வீடு இருக்கிறது என்று சொல்லிவிடும். காசு கிடையாது, பதிவும் கிடையாது. பெரிய பிளவு என்றால் கோட்டின் இருபுறமும் சுமார் 500 அடிக்கு மண்டலம் விரிகிறது. அதனால் மண்டலத்துக்குள் இருப்பதும் பிளவின் மேலேயே இருப்பதும் ஒன்றல்ல. நமக்குத் தெரிய வேண்டியது அந்த 500 அடிக்குள் நம் வீடு எங்கே என்பதுதான்.

இங்கேதான் சிக்கல். மண்டலத்துக்குள் கட்டும் முன் பிளவு எங்கே ஓடுகிறது என்று மனையை ஆய்வு செய்ய வேண்டும்; ஆனால் தனியாகக் கட்டுகிற இரண்டு மாடி வரையிலான மரவீட்டுக்கு மாநிலச் சட்டம் அதிலிருந்து விலக்கு தருகிறது. ஆகவே நாங்கள் பார்த்த மனையில் யாரும் பள்ளம் வெட்டிப் பார்த்ததே இல்லை. ஆனால் அதே தெருவில் பின்னாளில் வந்த டவுன்ஹவுஸ் குடியிருப்புக்கு விலக்கு இல்லை. அந்த பில்டர் ஆய்வு செய்தே ஆக வேண்டும். நகராட்சி ஒப்புக்கொண்ட அந்த அறிக்கையின் ஒரு பிரதி மாநிலத் துறைக்குப் போய்விடுகிறது, அவர்கள் அதைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கிறார்கள். யாரோ பணம் கொடுத்துத் தோண்டிய பள்ளத்தின் விவரம் எனக்கு இலவசமாகக் கிடைத்தது. இந்த ஏற்பாட்டை யோசித்தவர்களுக்கு இன்றும் மனதார நன்றி சொல்கிறேன்.

அறிக்கையில் பள்ளத்தின் சுவரை அங்குலம் அங்குலமாக வரைந்திருந்தார்கள். களிமண், சரளை, மறுபடி களிமண். நடுவில் ஓரிடத்தில் எல்லா அடுக்கும் ஒரே கோட்டில் அறுந்து, ஒருபுறம் இறங்கி நின்றது. அதை விட்டுத் தள்ளித்தான் அந்தக் கட்டடங்களை எழுப்பியிருந்தார்கள். கோட்டை அதே திசையில் நீட்டினால் எங்கள் வீட்டின் பின்கட்டுக்குப் போகிறது. மறுநாள் தெருவில் நடந்து பார்த்தோம். நேராக வரும் நடைபாதை விளிம்புக்கல் ஓரிடத்தில் விரற்கடை அளவு விலகிப்போயிருந்தது. ஹேவர்டு பிளவு நிலநடுக்கம் இல்லாத காலத்திலும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் நகர்ந்துகொண்டே இருக்கும்.

துறைக்கு போன் செய்தேன். எடுத்த நிலவியலாளர் அந்த வரைபடத்தை எப்படிப் படிப்பது என்று பொறுமையாக விளக்கினார். "உங்கள் வீடு பாதுகாப்பா என்று நாங்கள் சொல்ல முடியாது. அது நீங்கள் அமர்த்துகிற, உரிமம் பெற்ற நிலவியலாளரின் வேலை" என்றும் தெளிவாகச் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. தனியார் நிலவியலாளர் ஒருவரிடம் எல்லாவற்றையும் காட்டினோம். பள்ளம் வெட்டாமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நானாக இருந்தால் வாங்க மாட்டேன் என்றார். விட்டுவிட்டோம்.

பிறகு வாங்கியது மேற்கே சமவெளியில். அது பிளவு மண்டலத்தில் இல்லை, மண் குழையும் மண்டலத்தில் இருக்கிறது. அலமேடா ஓடை கொண்டுவந்து கொட்டிய வண்டல் அது. அதைத் தெரிந்தேதான் வாங்கினோம். அடித்தளத்தோடு வீட்டை போல்ட் போட்டு இறுக்கினோம், சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வராத நிலநடுக்கக் காப்பீட்டையும் தனியாக எடுத்தோம்.

வீடு பார்க்கிறவர்கள் இந்தத் தேடலை ஆஃபருக்கு முன்பே முடித்துவிடுங்கள். இடர் அறிக்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கைக்கு வந்தால், நேரில் தந்திருந்தால் 3 நாள், தபாலில் வந்திருந்தால் 5 நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பழைய பள்ள அறிக்கைகளைத் தேடிப் படித்து, ஒரு நிலவியலாளரையும் பிடித்துக் கேட்க அந்த அவகாசம் போதாது.