டேக் போடும்போதுதான் கண் போகிறது

"மாமா, வெல்டிங் ஹெல்மெட் ஒன்று எடுக்கணும், எது நல்லது?" என்று பண்டாரவளையிலிருந்து அக்கா மகன் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். கூடவே நாலைந்து படங்கள். ஒன்றில் மண்டை ஓடு, ஒன்றில் நெருப்பு, ஒன்றில் கழுகு. உள்ளே இருக்கிற சாமான் எல்லாவற்றிலும் ஒன்றுதான் போலிருந்தது. குரல்பதிவில் பதில் சொல்லத் தொடங்கினேன். நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதிவிடுகிறேன். நான் கொட்டகலைப் பக்கம் கிரில், கேட், தேயிலை ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) ரிப்பேர் செய்கிறவன். கப்பல் கட்டுகிறவர்களுக்கு என் பேச்சு உதவாது.

எங்கள் வேலையில் ஒரே மூச்சில் ஒரு அடி நீளத்துக்கு வெல்டிங் ரொட் ஓட்டுகிற சந்தர்ப்பம் குறைவு. ஒரு ஜன்னல் கிரிலை எடுத்துக்கொண்டால் சின்னச் சின்னப் பொட்டுகள்தான் ஏராளம். நீளமாக ஓட்டும்போது எல்லாரும் ஒழுங்காக மாஸ்க் பிடிப்பார்கள். கண்ணைக் கெடுப்பது டேக் போடுகிற நேரம், அதாவது பார் அசையாமல் நிற்க முதலில் ஒரு பொட்டு ஒட்டிவைக்கிற நேரம். வலது கையில் ரொட் மாட்டிய ஹோல்டர், இடது கையில் பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்). மூலைமட்டத்துக்கு ஒத்துவைத்த பார் ஒரு நூல் அசைந்தாலும் திரும்ப முதலிலிருந்து. கைமாஸ்க்கைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. அப்போது என்ன செய்வோம்? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, 'டக்' என்று ஒரு தொடு. நான் தொழில் பழகிய இடத்து பாஸ் இதை ஒரு கலையாகவே செய்வார். பக்கத்தில் பார் பிடித்திருக்கும் பொடியனுக்கும் "கண்ண மூடு" என்பார். பொடியன் மூடுவான், ஆனால் ஒட்டியதா என்று பார்க்கிற ஆசையில் அரை நொடி முந்தித் திறந்துவிடுவான்.

அன்று இரவு பதினொரு மணிக்குத்தான் வட்டி வரும். புற ஊதாக் கதிர் பட்ட கண் உடனே வலிக்காது. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும், தண்ணீராகக் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. கருவிழியின் மேல்தோல் எரிந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) இதற்கு உடனே வைத்தியம் சொல்வார்கள்: பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் வாங்கி விடு, உருளைக்கிழங்கைச் சீவி வை. மூடிய கண்ணின் மேல் ஈரத்துணி வைத்தால் சுகமாக இருக்கும், சரி. கண்ணுக்குள் மட்டும் எதையும் விடாதீர்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை எங்கேயாவது வாங்கித் திரும்பத் திரும்ப விடுவது அதைவிட மோசம். வலி தெரியாது, ஆனால் புண் ஆறாது, கருவிழி கெட்டுப்போகும். ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்.

ஆகவே ஹெல்மெட் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்கிற முதல் கேள்வி, டேக் போடும்போதும் இது முகத்தில் இருக்குமா என்பதுதான். இருக்காது என்றால் அது எவ்வளவு நல்ல கண்ணாடியானாலும் ஆணியில் தொங்கத்தான் போகிறது.

இந்த ஒரு காரணத்துக்காகவே கிரில் வேலைக்காரன் ஓட்டோ டார்க் ஹெல்மெட் வாங்க வேண்டும் என்பேன். சும்மா இருக்கும்போது அது மூன்றாம், நாலாம் நம்பர் கண்ணாடி (நம்பர் கூடக் கூடக் கறுப்பும் கூடும்). லேசான பச்சையில் பார், மூலைமட்டம், ரொட் நுனி எல்லாம் தெரியும். நெருப்பு பிடித்ததும் தானாகக் கறுக்கும். இரண்டு கையும் வேலைக்கு. சுவீடனில் ஹோர்னெல் என்கிற கம்பெனி 1981இல் ஸ்பீட்கிளாஸ் என்ற பெயரில் இதை விற்கத் தொடங்கியது. இப்போது அது த்ரீஎம் கம்பெனியின் கையில். அந்த விலைக்கு எங்கள் ஊரில் ஒரு நல்ல இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினே எடுக்கலாம், அதனால் அந்தப் பேச்சு போதும். நாம் வாங்குவது சீனத்து ஹெல்மெட்தான். அதிலும் நல்லது கெட்டது இருக்கிறது.

பெட்டியில் பெரிதாக 1/25000 செக்கன் என்று அடித்திருப்பார்கள். கறுக்க எடுக்கும் நேரம் அது. வாங்க வருகிறவர்கள் இதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள், "கறுக்காமல் விட்டால் கண் போயிருமா அண்ணே?" என்று. உண்மையில் புற ஊதா, அகச்சிவப்புக் கதிர்களைத் தடுக்கும் வடிகட்டி அந்தக் கண்ணாடியில் எப்போதும் இருக்கிறது, கறுத்தாலும் கறுக்காவிட்டாலும், பட்டரி செத்தாலும். ஒரு முறை கறுக்காமல் விட்டால் பளீரென்று வெளிச்சம் அடித்துக் கண் கூசும். அதோடு சரி. ஆனால் இதெல்லாம் ஒழுங்காகச் செய்த கண்ணாடிக்கு. போலிச் சாமானுக்குள் என்ன வடிகட்டி இருக்கிறது என்பதைக் கடைக்காரரும் சொல்ல முடியாது, நாமும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் கண்ணாடியில் பொறித்திருக்கும் தர எழுத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

ஓட்டோ கண்ணாடிக்கு நீண்ட காலம் இருந்த ஐரோப்பியத் தர எண் ஈஎன் 379, இப்போது அதன் இடத்துக்கு ஈஎன் ஐஎஸ்ஓ 16321 வந்திருக்கிறது. அமெரிக்கச் சாமான் என்றால் இசட் 87. ஈஎன் 379 போட்டதில் 1/1/1/2 என்கிற மாதிரி நாலு எண் இருக்கும். ஒன்று நல்லது, மூன்று மட்டம். முதல் மூன்றும் படம் நெளியாமல், மங்காமல், எங்கும் ஒரே கறுப்பாகத் தெரிகிறதா என்பது பற்றியவை. நாலாவது எண்ணைத்தான் நான் பார்ப்பேன். சாய்வாகப் பார்க்கும்போது கறுப்பு எவ்வளவு மாறுகிறது என்பதைச் சொல்லும் எண் அது. மேசையில் வைத்து ஓட்டுகிறவனுக்கு அது பெரிய விஷயமில்லை. ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கழுத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்து ஒட்டுகிறவனுக்கு, கண்ணாடியின் ஒரு பாதி இருட்டாகவும் மறுபாதி வெளிச்சமாகவும் இருந்தால் வேலை நடக்காது. அந்த எரிச்சலில் ஹெல்மெட்டைக் கழற்றிவிடுவான்.

நெருப்பை உணர்ந்து கண்ணாடியைக் கறுக்கவைக்கிற சென்ஸர் நாலு இருப்பதை எடுங்கள். கிரில் வேலையில் முகத்துக்கும் நெருப்புக்கும் நடுவில் ஒரு பார் எப்படியும் குறுக்கே வரும். இரண்டே சென்ஸர் உள்ளதில் அந்தப் பார் சென்ஸரை மறைத்தால் நடு ஓட்டத்தில் கண்ணாடி திறந்துகொள்ளும். சாயங்காலம் லயத்துப் பக்கம் கரண்ட் இறங்குகிற நேரத்தில் நெருப்பு விட்டு விட்டு எரியும், அப்போதும் இதே மினுக்கல்தான். உள்ளே இருக்கும் 'டிலே' திருகை அந்த நேரம் கொஞ்சம் கூட்டி வைத்தால் கண்ணாடி அவசரப்பட்டுத் திறக்காது. டேக் மட்டும் போடும்போது குறைத்துக்கொள்ளலாம். 'சென்ஸிடிவிட்டி' திருகு பக்கத்தில் இன்னொருவர் வெல்டிங் செய்யும்போது உதவும். அதைக் குறைக்காவிட்டால் அவர் நெருப்புக்கெல்லாம் உங்கள் கண்ணாடி கறுக்கும். இரும்பைத் தேய்க்கும்போது கிரைண்டிங் நிலைக்கு மாற்றினால் கண்ணாடி கறுக்கவே கறுக்காது, திரும்ப ரொட் பிடிக்குமுன் மாற்றிவிட வேண்டும். அந்தப் பொத்தான் வெளியே தெரிகிற மாதிரி இருக்கும் மாடல் நல்லது.

எந்த நம்பர் கறுப்பு? எங்கள் வேலை பெரும்பாலும் 2.5 மில்லிமீற்றர் ரொட், எழுபது எண்பது அம்பியர். கொஞ்சம் தடித்த இரும்பென்றால் 3.2, நூற்றுப் பத்து நூற்றிருபது. அமெரிக்க வழிகாட்டியில் ரொட் வெல்டிங்குக்கு 60 முதல் 160 அம்பியர் வரை குறைந்தது 8, வசதியாக 10 என்று இருக்கிறது. 160க்கு மேல் 250 வரை குறைந்தது 10, வசதியாக 12. பத்தாம் நம்பர் என்றால் விழுகிற வெளிச்சத்தில் ஏழாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். ஒவ்வொரு நம்பர் கூடும்போதும் அது இன்னும் 2.7 மடங்கு குறையும். ஆக, பதினொன்றுக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசம் சின்னது இல்லை. கடையில் சும்மா கேட்டால் பதினொன்றோ பன்னிரண்டோ எடுத்துத் தருவார்கள், "கறுப்பு கூடினால் பாதுகாப்பும் கூடும்தானே" என்று. எழுபது அம்பியருக்கு அது அதிகம். உருகி நிற்கிற இரும்பு தெரியாது. தெரியாதவன் மாஸ்க்குக்கு மேலால் எட்டிப் பார்ப்பான். கறுப்பிலிருந்து தொடங்கி, உருகுகிற இடம் தெளிவாகத் தெரிகிற வரைக்கும் ஒவ்வொன்றாகக் குறைத்து வாருங்கள், எட்டுக்குக் கீழே போகாதீர்கள். ஒன்பதிலிருந்து பதின்மூன்று வரை திருகுகிற ஹெல்மெட் என்றால் எல்லா வேலைக்கும் சமாளிக்கலாம்.

கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வெயிலுக்குப் போடும் கண்ணாடியை இந்தக் கணக்கில் பார்த்தால் மூன்றாம் நம்பர் தேறுவதே பெரிது. அதைப் பற்றி வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஓட்டோ வாங்கக் காசில்லை என்றால் தலையில் மாட்டுகிற சாதாரண மாஸ்க் எடுங்கள். கையில் பிடிப்பது வேண்டாம். தலையை ஒரு வெட்டு வெட்டினால் மாஸ்க் விழும், இரண்டு நாளில் பழகிவிடும். கறுப்புக் கண்ணாடியின் ஓரத்தில் ஷேட் எண்ணும் (கறுப்பு நம்பர்) செய்தவர் குறியும் பொறித்திருக்க வேண்டும். கண்ணாடியை நிமிர்த்தி அதன் வெட்டு ஓரத்தைப் பாருங்கள். உள்ளே முழுக்க நிறம் ஊறியிருந்தால் சரி. மேலே மட்டும் பூசியிருந்தால் ஆணி நுனியால் கீறும்போதே பெயரும். அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஓட்டோவைக் கடையில் சோதிக்க ஒரு சிகரெட் லைட்டர் போதும். சென்ஸருக்கு முன்னால் பிடித்துத் தீப்பொறி தட்டினால் சட்டென்று கறுக்க வேண்டும். ஒரு சென்ஸரை விரலால் மூடிவிட்டுத் தட்டுங்கள். அப்புறம் மற்றதை மூடிவிட்டு. சென்ஸர் வேலை செய்கிறது என்பதற்குத்தான் இது சாட்சி, வடிகட்டிக்கு இல்லை. பிறகு தலையில் மாட்டிக் குனிந்து, நிமிர்ந்து, அண்ணாந்து பாருங்கள். நழுவினால் வேண்டாம். ஒரு கடையில் இப்படிக் குனிந்து நிமிர்ந்ததற்கு "வாங்குறதா, யோகா செய்றதா?" என்று கேட்டார்கள். கேட்கட்டும். பெரும்பாலான ஹெல்மெட் அரைக் கிலோ அளவில்தான் இருக்கும், ஆனால் முன்பாரம் கூடினால் மத்தியானத்துக்குள் பிடரி கடுக்கும். பின்னால் இருக்கிற பல்சக்கரத் திருகு மெல்லிய பிளாஸ்டிக்காக இருந்தால் அதுதான் முதலில் உடையும்.

நாற்பது தாண்டியவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவதைக் கண்ணாடியின் குற்றம் என்று நினைத்து ஹெல்மெட்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்களைத் தெரியும். உட்பக்கத்தில் பெருக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று செருகுகிற காடி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றரை, இரண்டு பவரில் கிடைக்கும்.

இனி எங்கள் ஊர்க் காலநிலை. காலையில் பனி இறங்கும்போது மூச்சுப் பட்டு உள்தகடு வெள்ளையாகிவிடும். உள்தகட்டை மட்டும் கழற்றி, சவர்க்காரத்தை லேசாகப் பூசி, காய்ந்த துணியால் துடைத்து மாட்டினால் அரை நாள் தாங்கும். ஓட்டோ கண்ணாடியில் ஈரம் காட்டாதீர்கள். வைகாசியில் தொடங்குகிற மழைக்கு வேலை குறைந்து, ஹெல்மெட் மாதக்கணக்கில் பையில் கிடக்கும். சோலார் என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலானவற்றில் உள்ளே ஒரு பட்டரி உண்டு. அதை அடைத்து ஒட்டியிருந்தால் பட்டரி சாகிற அன்றே ஹெல்மெட்டும் குப்பைக்கு. மூடியைத் திறந்து காசுப் பட்டரி மாற்றுகிற மாதிரி எடுங்கள். மணிக்கூட்டுக் கடையில் பட்டரி கிடைக்கும்.

ஹெல்மெட் புகையைத் தடுக்காது என்பதையும் மறக்க வேண்டாம். துத்தநாகம் பூசிய ஜீஐ குழாய் ஒட்டிய இரவில் வருகிற குளிர்காய்ச்சல் துத்தநாகப் புகையால் வருவது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2017இல் வெல்டிங் புகை, வெல்டிங்கின் புற ஊதாக் கதிர் இரண்டையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் தொகுதியில் சேர்த்துவிட்டது. குளிர் என்று கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டாதீர்கள்.

மருமகனுக்குச் சொன்ன கடைசி விஷயம் அவனுக்குப் பிடிக்கவில்லை. அவன் கையில் இருக்கிற காசுக்கு ஒரு நல்ல ஹெல்மெட் வரும். நான் சொன்னது, கொஞ்சம் இறங்கிய விலையில், எழுத்தும் நாலு சென்ஸரும் சரியாக உள்ளதில் இரண்டு எடு என்று. ஒன்று அவனுக்கு, ஒன்று பார் பிடிக்கிற பொடியனுக்கு. பிடிக்கிறவன் நெருப்புக்கு இரண்டடி தள்ளி நிற்கிறான். ஒட்டுகிறவனைவிட அதிக நேரம் அதையே பார்க்கிறான். அவனுக்குக் கைமாஸ்க்கும் இல்லை, கறுப்புக் கண்ணாடியும் இல்லை, "கண்ண மூடு" மட்டும்தான். "அவன் நாளைக்கு வேற இடத்துக்குப் போயிருவான் மாமா" என்றான். போகட்டும், ஹெல்மெட் உன்னிடம்தானே இருக்கும் என்றேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறான்.

வாங்குகிற அன்றே முன்னால் மாட்டுகிற நிறமில்லாத வெள்ளைத் தகடு ஐந்தாறு சேர்த்து வாங்கிவிடுங்கள். பொறி பட்டுப் பட்டு அது மங்கும்போது கறுப்புக் கண்ணாடி கெட்டுவிட்டது என்றுதான் தோன்றும். மாடலுக்கு மாடல் அளவு வேறு, பிறகு ஹட்டனில் தேடினால் கிடைக்காது. கொழும்பு குவாரி ரோட்டுக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டி வரும்.