பஸ்ஸில் போய் மலை தாண்டுவது: ஒரு மொரீஷியஸ் குளிர்காலக் குறிப்பு

14 ஜூன் 2025, சனி

இந்தக் குளிர்காலம் முழுக்க மலைக்குப் போவதென்றால் பஸ், மெட்ரோ இரண்டில்தான் என்று அக்காவும் நானும் பேசி முடித்துவிட்டோம். தம்பி காரைத் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றோம். காரை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு ஏறினால் இறங்குவதும் அதே இடத்துக்குத்தான். எங்கள் ஊர் மலைகளில் நல்ல மலைகளோ இரண்டு பஸ் ரோடுகளுக்கு நடுவில் நிற்கின்றன. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி, வேறொரு ஊரில் பஸ் பிடித்து வீட்டுக்கு வரலாம். அந்தச் சுகம் காரில் போகிறவர்களுக்குக் கிடைக்காது.

கால்களைப் பழக்க இன்று போர்ட் லூயிஸ் சிக்னல் மலை. ரோஸ் ஹில்லில் மெட்ரோ ஏறினால் இருபது நிமிடத்தில் விக்டோரியா நிலையம். அங்கிருந்து நடைதான். 323 மீட்டர் உயரம். மேலே வரை தார் ரோடு. காலையில் நகரத்து ஆட்கள் குடும்பத்தோடு நடக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் துறைமுகம், குதிரைப் பந்தயத் திடல், அப்ரவாசி காட் இருக்கிற கரை எல்லாம் ஒரே பார்வையில் வந்துவிடுகின்றன. எங்கள் கொள்ளுத்தாத்தா கப்பலில் வந்து இறங்கிய கரை அது. அக்கா வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கெல்லாம் கீழே வந்துவிட்டோம்.

22 ஜூன், ஞாயிறு

கோர் தெ கார்ட் மலை. இன்று சித்தப்பாவும் வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் பஸ் கண்டக்டராக இருந்தவர். 2005 முதல் இங்கே முதியவர்களுக்கு பஸ் இலவசம் என்பதால், ஓய்வுபெற்ற பிறகும் அவர் பஸ்ஸை விடவில்லை. தீவில் எந்த பஸ் எந்த வளைவில் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். இந்த வருடம் எங்கள் வழிகாட்டி அவர்தான்.

மெட்ரோவில் காத்ர் போர்ன் நிலையத்தில் இறங்கி, ஊருக்குள் மெதுவாக நடந்தோம். மலைச் சரிவில் முருகன் கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்குக் காவடியோடும் பால்குடத்தோடும் ஊரே இந்தப் படிகளில் ஏறும். இன்று எங்களைத் தவிர நான்கைந்து பேர்தான். உச்சி 720 மீட்டர். கடைசிப் பகுதி செங்குத்துப் பாறை. நாங்கள் கோயிலோடு நின்றுகொண்டோம்.

திண்ணையில் உட்கார்ந்து சித்தப்பா பழைய ரயிலைப் பற்றிச் சொன்னார். 1864-இல் இந்தத் தீவில் ரயில் ஓட ஆரம்பித்தது. 1956-இல் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். அப்போது அவர் சின்னப் பையன். தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு அந்த வழி புல் மண்டிக் கிடந்ததாம். அந்தப் பழைய வழியில் பெரும்பகுதியை ஒட்டித்தான் இன்றைய மெட்ரோ போகிறது. 2020-இல் போர்ட் லூயிஸிலிருந்து ரோஸ் ஹில் வரை, அடுத்த வருடம் காத்ர் போர்ன் வரை, 2022-இல் க்யூர்பிப் வரை என்று கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார்கள். "எங்க காலத்துல ரயில் போயிடுச்சு, உங்க காலத்துல திரும்ப வந்துடுச்சு பாரு" என்றார். மலைக்குப் போகிறவர்களுக்கு இதனால் பெரிய லாபம். மேட்டு நிலத்து ஊர்கள் எல்லாம் ஒரே கோட்டில் கோத்துவிட்டன. ரோஸ் ஹில், காத்ர் போர்ன், வக்வா, க்யூர்பிப் எதில் இறங்கினாலும் அங்கிருந்து ஒரு மலைக்கு பஸ் உண்டு.

29 ஜூன், ஞாயிறு

லே பூஸ் மலைக்குப் போக வேண்டிய நாள். காலை ஆறரைக்கே ரோஸ் ஹில் பஸ் நிலையத்தில் நின்றோம். வர வேண்டிய பஸ் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. ஏன் என்று சொல்லவும் அங்கே யாரும் இல்லை. எட்டேகாலுக்கு வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. எங்களோடு நின்றவர்களில் ஒருவர் மோக்கா பக்கம் ஒரு வீட்டில் வேலைக்குப் போகும் அம்மா. நாங்கள் மலையை நாளை பார்த்துக்கொள்ளலாம். அவருக்கு ஒரு நாள் கூலி போகும். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டும்.

சித்தப்பா கேட்டுவிட்டு, "சனிக்கிழமை போங்கம்மா" என்றார். அப்புறம் தன் கணக்கைச் சொன்னார். நகரத்துப் பக்கம் இரவு எட்டு மணி வரை பஸ் எதிர்பார்க்கலாம். கிராமத்துப் பக்கம் மாலை ஆறரையோடு சரி. சில வழிகளில் அதற்கும் முன்னாலேயே முடிந்துவிடும். இப்போது ஜூன், ஜூலையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடுகிறது. அதனால் எந்த மலையானாலும் நாலு மணிக்கு ரோட்டில் நிற்க வேண்டும். ஏறும் நேரத்தை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். நானும் அக்காவும் இதைத்தான் பின்பற்றப் போகிறோம்.

5 ஜூலை, சனி

லே பூஸ்! இன்று எழுத நிறைய இருக்கிறது.

பையில் தால் பூரி, கொஞ்சம் காத்தோ பிமான் என்கிற மிளகாய் வடை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ரோஸ் ஹில்லிலிருந்து சேன் பியேர் போகும் பஸ் இன்று நேரத்துக்கு வந்தது. ரெதுயி, மோக்கா வழியாகப் போகிறது. நான் தமிழ் படித்த மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டைத் தாண்டும்போது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கண்டக்டரிடம் லே பூஸ் என்று சொல்லி வைத்திருந்தோம். இறங்கும் இடம் வந்ததும் அவரே குரல் கொடுத்தார். பாதை எங்கே தொடங்குகிறது என்று கையால் காட்டி, இரண்டு நாள் முன்னே மழை பெய்தது, மேலே வழுக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். பஸ்ஸில் போவதில் இந்த ஒரு லாபத்தை யாரும் எழுதுவதில்லை: அந்த ஊர் மனிதர் ஒருவரோடு பேசிவிட்டுத்தான் மலையில் கால் வைக்கிறோம்.

முதலில் கரும்புத் தோட்டம். வெட்டு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இந்தப் பக்கம் இன்னும் கை வைக்கவில்லை. கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் பூத்து நிற்கிறது. நடுவில் செம்மண் வழி. அப்புறம் மரங்களுக்குள் ஏற்றம். கண்டக்டர் சொன்னபடியே வழுக்கியது. வேரைப் பிடித்துப் பிடித்து ஏறினோம். இரு பக்கமும் சீனக் கொய்யா. சின்னச் சிவப்புப் பழம், புளிப்பும் இனிப்புமாக இருக்கும். ரோட்டோரத்தில் உப்பு, மிளகாயோடு விற்பார்கள். வெளியிலிருந்து வந்த செடி. இந்த மண்ணுக்கே உரிய மரங்களை நெருக்கிக்கொண்டு வளர்ந்துவிடுகிறது. காட்டை மீட்கப் பாடுபடுகிறவர்கள் இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். பழம் மட்டும் எல்லோருக்கும் பிடிக்கும். அக்கா ஒரு கைப்பிடி பறித்துக்கொண்டாள்.

ஏற்றம் முடிந்ததும் வெட்டவெளியாக ஒரு மேடு. அதற்கு மேல் கட்டைவிரல் போல நிற்கும் பாறைதான் உச்சி, 812 மீட்டர். கடைசிக் கொஞ்ச தூரம் கையும் வேண்டும். காற்று பலமாக இருந்ததால் உட்கார்ந்தே ஏறினோம். மேலே நின்றால் ஒரு பக்கம் போர்ட் லூயிஸ், கடல். மறுபக்கம் மோக்கா, மேட்டுநில ஊர்கள், கரும்பு. கிழக்கே தலையில் உருண்டைப் பாறையோடு பியேத்தர் போத் மலை. அதன் உயரம் 820 மீட்டர். கயிறு இல்லாமல் அந்தத் தலைக்குப் போக முடியாது. கிழக்கிந்தியத் தீவுகளின் முதல் டச்சு கவர்னர் ஜெனரலின் பெயர் அது. அவர் 1615-இல் இந்தத் தீவுக்கு அருகே கப்பல் உடைந்து இறந்தார்.

1836 மே மாதம் சார்லஸ் டார்வின் இங்கே ஏறியிருக்கிறார். பீகிள் கப்பல் போர்ட் லூயிஸில் நின்ற சில நாட்களில், நகரத்திலிருந்தே நடந்து வந்து ஏறினார். இன்று நாங்கள் இறங்கப் போகும் பக்கம் அதுதான் என்று அக்காவிடம் சொன்னபோது அவள் முகம் மலர்ந்துவிட்டது.

இறங்கும் வழி போர்ட் லூயிஸ் பக்கம், பள்ளத்தாக்கு நெடுக. இந்தப் பக்கம் ஆள் குறைவு. மேட்டில் பார்த்தவர்கள் எல்லோரும் கார் நிற்கும் மோக்கா பக்கமே திரும்பிவிட்டார்கள். எங்களுக்கு எதிரே ஏறி வந்தவர்கள் இரண்டு பையன்கள் மட்டும். கீழே தெரியும் நகரம் ஒவ்வொரு திருப்பத்திலும் பெரிதாகிக்கொண்டே வந்தது. முதலில் கட்டடங்கள் தெரிந்தன, அப்புறம் தெருக்கள், கடைசியில் மொட்டை மாடியில் காயும் துணிகூடத் தெரிந்தது. ட்ராங்க்பார் குடியிருப்பில் வந்து இறங்கினோம். அங்கிருந்து நகரத்துக்குள் நடந்து, சந்தைக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு அலுடா என்கிற குளிர்ந்த பால் குடித்துவிட்டு, விக்டோரியாவில் மெட்ரோ. மணி மூன்றேகால்.

காலையில் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிய நாங்கள் மாலையில் இந்தப் பக்கம் ரயில் ஏறுகிறோம். இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

19 ஜூலை, சனி

பெத்ரன் முதல் ரிவியேர் நுவார் வரை. தேசியப் பூங்காவைக் குறுக்காக நடந்து கடப்பது.

வக்வா வரை மெட்ரோ. அங்கிருந்து லா மாரி வழியாகத் தெற்கே போகும் பஸ். இந்த பஸ் அடிக்கடி கிடையாது. தவறவிட்டால் அன்றைய திட்டம் போச்சு. சித்தப்பா முந்தின நாளே நிலையத்துக்குப் போய் நேரம் கேட்டு வந்திருந்தார். ஏரியைத் தாண்டியதும் குளிர் சுள்ளென்று ஏறியது. பெத்ரனில் இறங்கும்போது மூடுபனி.

பூங்கா 1994-இல் அறிவிக்கப்பட்டது. தீவில் மிஞ்சிய இயற்கைக் காட்டில் பெரும்பகுதி இதற்குள்தான். மக்காபே காட்டுப் பாதை முதலில் சமமாகப் போகிறது, பேசிக்கொண்டே நடக்கலாம். பள்ளத்தாக்கைப் பார்க்க மேடை ஒன்று வருகிறது. அங்கே நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில். நீண்ட வால் வெள்ளைப் பறவைகள் நமக்குக் கீழே பறந்துகொண்டிருந்தன. பறவையின் முதுகை மேலிருந்து பார்ப்பது அபூர்வம்.

மொரீஷியஸ் வல்லூறு இந்தப் பள்ளத்தாக்குக்காரன். 1974-இல் காட்டில் நான்கே நான்கு பறவைகள்தான் மிஞ்சியதாகத் தெரிந்தது. முட்டைகளை எடுத்து வளர்த்து, குஞ்சுகளைத் திரும்ப விட்டு, பல வருடம் பாடுபட்டு மீட்டார்கள். இன்று எங்கள் கண்ணில் படவில்லை. கிளி மட்டும் கத்திக்கொண்டு ஒரு முறை தலைக்கு மேலே போனது. எனக்கு அதுவே போதும்.

அதன்பின் இறக்கம் கடுமை. முழங்காலுக்குத்தான் வேலை. அக்கா ஒரு கழியை ஊன்றிக்கொண்டாள். மழையில் அரித்த படிகள், வேர்கள், தளர்ந்த கல். அவசரப்படக் கூடாத இடம் இது. கடைசி பஸ் நினைப்பில் இங்கே ஓடினால் கால் போய்விடும். அதனால்தான் நேரத்தை மேலேயே மிச்சம் பிடித்துக்கொண்டு வர வேண்டும். குரங்குகள் எங்கள் பையையே கண்காணித்தன.

கீழே பூங்காவின் இன்னொரு வாசல். மொத்தம் பத்து கிலோமீட்டர் போல நடந்திருப்போம். முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் இன்னும் ஐந்து கிலோமீட்டர் தார் ரோடு இருக்கிறது, கடற்கரைச் சாலை வரை. வாசலிலிருந்து பஸ் கிடையாது. களைத்த காலுக்கு இந்த ஐந்துதான் பெரிது. மலையிலிருந்து இறங்கிய குடும்பங்கள் காரில் எங்களைக் கடந்து போயின. ஒரு வண்டி நின்றது. பின்னிருக்கையில் இடம் கொடுத்தார்கள். அவர்களுக்குப் புண்ணியம். சாலையில் காத்ர் போர்ன் பஸ் பதினைந்து நிமிடத்தில் வந்தது. பஸ் முழுக்கக் கடலில் குளித்துவிட்டு வந்த பிள்ளைகள், மணல், பாட்டு.

சனி, ஞாயிறுகளில் அந்த வாசலுக்கும் கடற்கரைச் சாலைக்கும் நடுவே ஒரு சின்ன பஸ் ஓடினால் போதும். தீவின் மிகப் பெரிய காட்டுக்குக் கார் இல்லாத ஒரு குடும்பம் குழந்தைகளோடு வந்து போகலாம். பள்ளிக்கூடத்தில் அந்த வல்லூறின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவர்களில் எத்தனை பேர் வந்து பார்த்திருப்பார்கள்?

2 ஆகஸ்ட், சனி

லே மோர்ன். இது தாண்டும் மலை அல்ல. ஏறிய வழியே இறங்க வேண்டும்.

காத்ர் போர்னிலிருந்து பே து காப் போகும் பஸ். தமரின், ரிவியேர் நுவார், லா கோலெத் என்று கடலை ஒட்டி நீண்ட பயணம். பெரிய சாலையில் இறங்கி, மலை வாசல் வரை நடை. 556 மீட்டர்தான், ஆனால் பாதிக்கு மேல் பாறையைப் பிடித்து ஏற வேண்டும். அக்காவின் முழங்கால் இன்னும் ஆறவில்லை. பாறை தொடங்கும் இடத்திலேயே நின்றுவிட்டோம். அங்கிருந்தே தெரியும் கடலின் நிறம் போதும்.

அடிமைகளாக இருந்தவர்கள் தப்பி ஓடி ஒளிந்த மலை இது. 1835 பிப்ரவரி 1-இல் இங்கே அடிமைமுறை ஒழிந்தது. அதற்குப் பின்தான் நம் ஆட்களைக் கரும்புக்குக் கூட்டங்கூட்டமாகக் கொண்டு வந்தார்கள். 2006-இல் அப்ரவாசி காட்டும், 2008-இல் லே மோர்னும் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் ஆயின. ஒரு தோட்டத்தில் முதலில் உழைத்தவர்கள், அவர்களுக்குப் பின் உழைத்தவர்கள். இரண்டு இடங்களையும் நம் பிள்ளைகள் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

திரும்பும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸுக்காக நின்றோம். நாலு மணிக் கணக்கு காப்பாற்றியது.

4 ஆகஸ்ட், திங்கள்

இரவு உட்கார்ந்து, பஸ் விடும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி முடித்தேன். சித்தப்பா பக்கத்தில் இருந்து வழித்தட விவரங்களைச் சரிபார்த்தார். கேட்டிருப்பது மூன்று. ஞாயிறு காலை சேன் பியேர் பஸ் ஓடாவிட்டால் நிலையத்தில் அறிவிப்பு வேண்டும். ரிவியேர் நுவார் பூங்கா வாசலுக்கு வார இறுதியில் காலையும் மாலையும் ஒரு பஸ் வேண்டும். பெத்ரன் நிறுத்தத்தில் நேரப் பலகை வேண்டும். அங்கே பனியில் நிற்பவருக்கு அடுத்த பஸ் உண்டா என்றே தெரிவதில்லை.

அக்கா கையெழுத்துப் போட்டாள். பள்ளியில் சக ஆசிரியர்கள் சிலரும் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ரோஸ் ஹில்லில் அன்று எங்களோடு நின்ற அந்த அம்மாவை ஞாயிறு காலை நிலையத்தில் பார்த்துக் கேட்கப் போகிறேன். அவர் கையெழுத்தும் சேர்ந்ததும் கடிதத்தைத் தபாலில் போடுவேன்.